'இரும்பு மாங்கல்யம்' எழுதிய தரகர்

எங்கள் பக்கத்துக் கோயில்களில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், சில நாட்களில் வாசலில் கிடக்கும் அத்தனை செருப்பும் ஜோடி ஜோடியாக, ஒரே திசையைப் பார்த்து நிற்கும். அப்படி நின்றால் அவர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சாமியைக் கும்பிட்டாரா என்பது வேறு விஷயம். இடது ஒரு மூலையிலும் வலது ஒரு மூலையிலும் கிடந்தால் அவருக்குத் தாங்காது. குனிந்து, தேடி, சேர்த்து வைத்துவிட்டுத்தான் படியேறுவார். "வெச்ச எடத்துல காணோம்னு யாராச்சும் தேடுவாங்களே" என்றால், "சோடியா இருந்தா எப்படியும் கண்டுபுடிச்சுக்குவாங்க" என்பார்.

அவர் கல்யாணத் தரகர். பெயர் வேண்டாம். அவர் காலத்திலேயே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'தரகரய்யா' என்றுதான். வெள்ளைச் சட்டை, மை பூசிய மீசை, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வரைக்கும் கல்யாணமாகாமல் இருந்த பாதிப் பேர் அந்தப் பைக்குள் ஜெராக்ஸ் தாளாக மடிந்து கிடந்தார்கள்.

அதைத் தொழில் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அது ஒரு வியாதி. அன்னூர் பஸ்ஸில் ஏறினார் என்றால் சரவணம்பட்டி தாண்டும்போது கண்டக்டரின் அக்கா மகளைப் பற்றி விசாரித்திருப்பார். கோவில்பாளையம் வருவதற்குள் ஜன்னலோர ஆசாமியின் தம்பியைப் பற்றித் தெரிந்துகொண்டிருப்பார். அன்னூரில் இறங்கும்போது கண்டக்டரும் அந்த ஆசாமியும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், பஸ் கிளம்பாது. இழவு வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். மாலையை வைத்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலிருப்பவர் காதில், "அந்த ஓரத்துல அழுவற புள்ளை யாருங்க? அழுகை அடக்கமா இருக்குதுங்களே" என்று கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

எனக்கும் அவருக்கும் என்ன பழக்கம் என்றால், நான் அப்போது கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று எல்லாரும் பயபக்தியாக நம்பிய காலம். எங்கள் முதலாளி பாய், வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதி ஒட்டியிருந்தார். அச்சகத்திலேயே குளிர்ச்சியான இடமும், உட்கார்ந்தால் சுழலும் நாற்காலியும் அந்த அறையில்தான் இருந்தன. அந்த நாற்காலி என்னுடையது. தமிழ் எழுத்து எந்த விசையில் ஒளிந்திருக்கிறது என்று அந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம்.

எங்கள் ஊரான அன்னூரில் என் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு நம் தரகரய்யாவுடையது. வருகிற மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தவறாமல் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "கண்ணாலத்துக்கு அப்பறம் புள்ளை வேலைக்குப் போயிச் சிரமப்பட வேண்டாமுங்க." எவ்வளவு அன்பாகச் சொல்வார்கள் தெரியுமா? அந்த அன்பில் என் நாற்காலி போய்விடும். கல்யாணத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரையும் காதலிக்கவும் இல்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அதட்டினால் எதிர்த்துப் பேசலாம். "உனக்கு நல்லதுதானே கண்ணு பண்ணுவோம்" என்று தலையைத் தடவுகிறவரிடம் எந்தப் பக்கமாகப் போய் எதிர்ப்பது? வேண்டாம் என்ற சொல்லை வைப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சாண் இடம்கூட இல்லை. அத்தனை மரியாதையான வீடு.

ஒரு நாள் மத்தியானம் தரகரய்யா அச்சகத்துக்கு வந்தார். பத்திரிகை வேலையாகத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். அவரோ வாசலில் செருப்பை விட்டு, பக்கத்தில் கிடந்த என் செருப்பையும் நேராக்கிவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தார்.

"ஏனுங் அம்மணி, ஒரு நாவல் எழுதிப்போட்டேனுங்க. இன்னும் முடியல. அடிச்சுக் குடுத்தீங்கன்னா புஸ்தகமாப் போட்டரலாமுங்க."

தலைப்பு 'இரும்பு மாங்கல்யம்'. காதல் கதை, அதுவும் எதிர்காலத்துக் காதல் கதை.

ஏன் எழுதினார் என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். காந்திபுரத்தில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' கடைகள் திறந்திருந்தன. இரண்டு பேருடைய பிறந்த நேரத்தைக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் பொருத்தம் அச்சாகி வந்துவிடும். தரகரய்யாவுக்கு அது பொறுக்கவில்லை. "மிசினுக்கு மனுசனைப் பத்தி என்னங்க தெரியும்?" என்று போகிற இடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர், கடைசியில் கதையாக எழுதிப் பழிவாங்கக் கிளம்பிவிட்டார்.

கதையின் தொடக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நொய்யல் வற்றி, வெயில் மறைந்து, ஊரெல்லாம் புகை மூடிய ஒரு காலம். ஒரே அரசாங்கம், ஒரே சர்வாதிகாரி. கோயமுத்தூரின் நடுவில் மலை மாதிரி ஓர் இயந்திரம். வயது வந்தவர்கள் அதன் முன்னால் போய் நின்றால் ஒரு சீட்டு வரும். சீட்டில் இருக்கிற பெயரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். தானாக யாரும் காதலித்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் அரசாங்கம் ஒரு சின்ன பல்பைப் பொருத்தியிருக்கும். மனசு துள்ளினால் பல்பு எரியும், எரிந்தால் சிறை. கதாநாயகி வெண்ணிலாவின் பல்பு ஒரு நாள் காரணமில்லாமல் எரியத் தொடங்குகிறது. அதைப் பழுதுபார்க்க அரசாங்கம் ஒரு மெக்கானிக்கை அனுப்புகிறது. அவன் கையைத் தொட்டுப் பார்க்கிறான். பல்பு இன்னும் பிரகாசமாக எரிகிறது. பழுதுபார்க்க வந்தவனின் பல்பும் எரிகிறது.

இந்த இடத்தில் நான் அடிப்பதை நிறுத்திவிட்டேன். பாயைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். "அட, இவரா எழுதினாரு? பலே!" என்றார் பாய்.

இரண்டாம் அத்தியாயத்தில் ராணுவம் வெண்ணிலாவைக் கைது செய்ய வருகிறது. கவச வண்டி, கறுப்பு உடை, கையில் மின்சாரத் துப்பாக்கி. வந்தவர்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைக்கிறார்கள். தளபதி கும்பிடு போட்டு, "ஏனுங்கம்மா, உள்ள வரலாமுங்களா? புள்ளையக் கைது பண்ணோணுமுங்க" என்கிறார். வெண்ணிலாவின் அம்மா மோர் கொடுக்கிறார். பேச்சு நீள்கிறது, சாப்பாட்டு நேரமாகிவிடுகிறது. சாப்பிட்டுக் கைகழுவிய தளபதி, "உங்க ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு உங்க புள்ளையவே கைது பண்ணுனா நல்லா இருக்காதுங்க. நாளைக்கு வாரோம்" என்று எழுந்துவிடுகிறார். அத்தியாயம் முடிந்தது.

"தரகரய்யா, இது கொடுங்கோல் ராணுவமுங்க" என்றேன்.

"ஆமாங்க. ரொம்பக் கொடூரமானவங்க."

"அவங்க பயமே காட்டலீங்களே."

"ஊட்டுக்கு வந்த எடத்துல எப்படீங்க அம்மணி பயம் காட்டுவாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

குறைகள் ஒன்றா இரண்டா. காதலர்கள் மருதமலை அடிவாரத்தில் ரகசியமாகச் சந்திக்கிறார்கள். தலைக்கு மேல் உளவு விமானம் பறக்கிறது. எந்த நிமிடமும் உயிர் போகலாம். அந்த நேரத்தில் மெக்கானிக் வெண்ணிலாவைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" சூரியனே மறைந்து போனாலும், ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், கட்டிக்கொள்ளக் கூடாது என்ற விதி மட்டும் அந்த எதிர்காலத்தில் பத்திரமாக இருந்தது. அடுத்த கேள்வி, பூமி கிணத்துப் பாசனமா, வாய்க்கால் பாசனமா என்பது. நொய்யல் வற்றிப்போன கதையில் வாய்க்கால் ஏது என்று நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது.

"காதலிக்கறவங்க இப்படியா பேசிக்குவாங்க?"

"காதலிச்சா என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே அம்மணி. நான் போறப்பவெல்லாம் ரெண்டு பக்கமும் பெரியவங்க பேசிட்டு இருப்பாங்க."

பாவமாக இருந்தது. எத்தனையோ கல்யாணம் முடித்த மனிதர், இரண்டு பேர் தனியாகப் பேசி ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, இயந்திரம் வெண்ணிலாவுக்கு ஒதுக்கிய மாப்பிள்ளை. கதைப்படி அவன் வில்லன். ஆனால் எழுதுகிறவர் யார்? அவன் பெயர் வந்ததும் பேனா தானாக ஓடியிருந்தது: பையன் சொந்தமாக லேத்துப் பட்டறை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஒரே தங்கை, கட்டிக் கொடுத்தாயிற்று, கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு, மாமியார் தங்கமான குணம். ஒரு பக்கம் முழுக்க இதுதான். படித்தால் மெக்கானிக்கை விட்டுவிட்டு இவனையே கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். பழிவாங்கப் புறப்பட்டவரின் இயந்திரம் அவரைப் போலவே யோசித்தது. அதனால் நல்ல நல்ல இடமாகவே பார்த்தது.

யாரையும் தனியாக விடவும் அவருக்கு மனசு வராது. சிறைக்காவலன் ஒருவன் கதையில் சும்மா கதவைத் திறந்துவிட வருகிறான். அடுத்த பக்கத்தில் அவனுக்கும் மெக்கானிக்கின் அத்தை மகளுக்கும் பரிசம் போட்டாயிற்று. கடைசியில் சர்வாதிகாரிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டார்.

"கொடுமைக்காரனுக்குப் போய்க் கல்யாணமா?" என்று பாய் தலையிலடித்துக்கொண்டார்.

"கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிருங்க பாய்."

இதற்கு நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. அவர் நாவலை எழுதியது வெள்ளைத் தாளில் இல்லை, பழைய ஜாதக ஜெராக்ஸ்களின் பின்பக்கத்தில். கிணத்துக்கடவில் ஒரு வீட்டுக்குப் பெண் ஜாதகம் கொடுத்தபோது, கூடவே ஒரு நாவல் தாளும் போய்விட்டது. அவர்கள் அதையும் பெண்ணைப் பற்றிய விவரம் என்று நினைத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் போனவரிடம் மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டாராம்: "பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. கையில என்னமோ வெளக்கு எரியுதுன்னு போட்டிருக்குதே, அதுக்கு வைத்தியம் பாத்தாச்சுங்களா?" இவர் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போவுது, கரண்டு இல்லாதப்ப ஆவுமுங்க" என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை நான்தான் அடித்தேன்.

அவர் அதைச் சொல்லிச் சிரித்த அன்று நான் கொஞ்சம் உரிமையோடு கேட்டேன். "தரகரய்யா, எல்லாக் குறையும் கெடக்கட்டும். இந்த வெண்ணிலா வாயே தொறக்க மாட்டேங்கறாளே?"

"பேசறாங்களே அம்மணி. மோர் குடிக்கறீங்களான்னு கேக்கறாங்களே."

"அது மாப்பிள்ளைகிட்டங்க. அவளுக்கு என்ன வேணும்னு எங்கியுமே சொல்லலீங்களே. மிசினு ஒருத்தனைச் சொல்லுது. மெக்கானிக்கு, 'வா போலாம்'ங்கறான். அம்மா ஒண்ணு சொல்றாங்க, தளபதி ஒண்ணு சொல்றாரு. அவளை ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

தாள்களை வாங்கிப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். நான் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆமாங்க. கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டுத் தாளையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். போகும்போது செருப்பை நேராக்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை அன்னூரில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காங்கேயம், தேங்காய் எண்ணெய் ஆலை. வேன் வைத்து வந்திருந்தார்கள். தரகரய்யா முன்னாலேயே வந்து ஜமுக்காளம் விரிப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நல்லவர் என்று முகத்திலேயே தெரிந்தது. கேசரியைச் சிந்தாமல் சாப்பிட்டார், தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "நம்ம ஊட்டுக்கு வந்தா நீ பஸ்ஸுலயெல்லாம் இடிபட வேண்டாம் கண்ணு" என்றார். என் நாற்காலி சுழன்று சுழன்று தூரமாகப் போவது போலிருந்தது. நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது.

அடுத்து நடக்க வேண்டியது என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். காபி டம்ளர் கீழே வைக்கப்பட்டதும் தரகரய்யா தொண்டையைச் செருமி, "அப்பறமென்னுங்க, பேசி முடிச்சரலாமுங்களா?" என்பார். இரண்டு பக்கமும் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். அவர் செருமினார். "அப்பறமென்னுங்க..." என்றார். நின்றுவிட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு கதவோரம் நின்ற என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மணி, உங்களுக்குச் சம்மதமுங்களா?"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. யாரோ இருமினார்கள். மாப்பிள்ளை முதல் முறையாகக் கட்டைவிரலை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் அப்பா, 'சொல்லு கண்ணு' என்பது போல் சிரித்தார். நான் சரி என்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் அதுவரை சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு மரியாதையாக ஒருவர் கேட்கும்போது உண்மையைச் சொல்லாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

இனிமேல் பெரிய ரகளை நடக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். மாப்பிள்ளையின் அப்பா, "பரவால்லீங்க" என்றார். என் அப்பா, "மன்னிச்சுக்கோணுமுங்க" என்றார். அவர், "இதுல என்னங்க இருக்குது" என்றார். அப்புறம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையல் ஆகியிருந்தது. எனவே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளைக்கு நானே ரசம் ஊற்றினேன். "கொஞ்சம் போதுமுங்க" என்றார். அவரைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் அம்மா கேசரிக்கு எவ்வளவு நெய் விட்டீர்கள் என்று என் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேனில் ஏறும்போது, "போயிட்டு வாரோமுங்க" என்று எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். 'இரும்பு மாங்கல்யம்' இரண்டாம் அத்தியாயத்தை நான் தேவையில்லாமல் குறை சொல்லிவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பொழுது சாய அப்பா மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "யாரு கண்ணு பையன்?"

"யாரும் இல்லீங்கப்பா."

"பரவால்ல, சொல்லு. வேற சாதியா இருந்தாலுஞ் சொல்லு, ரோசனை பண்ணலாம்."

"நெசமா யாரும் இல்லீங்கப்பா. எனக்கு வேலைக்குப் போகோணும். அவ்வளவுதான்."

அவருக்கு அதுதான் விளங்கவில்லை. பையன் ஒருவன் இருந்திருந்தால் கோபப்பட்டு, அழுது, சமாதானமாகியிருப்பார். ஒருவனும் இல்லாததற்கு என்ன செய்வார்? ரொம்ப நாளைக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும், எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவரையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த பூத்துக்காரருக்குப் பேரன் இருந்தான்.

மறுநாள் தரகரய்யா அச்சகத்துக்கு வந்தார். எனக்குள் நன்றி ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். "ஏனுங்க அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. கடைசி அத்தியாயம் நின்னுபோச்சுங்க. கேட்டா ஒரு புள்ளை என்ன சொல்லும்னு எனக்குத் தெரியலீங்க. அதான் கேட்டுப்போட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க கதைக்கு எங்க ஊடுதான் கெடச்சுதுங்களா? எங்கப்பா ராத்திரி சோறு திங்கலீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டுப்போட்டு நானும் திங்கலீங்க. நீங்க இல்லீங்கன்னதும் பழசெல்லாம் நெனப்பு வந்துருச்சு. நான் முடிச்ச கண்ணாலத்துல ஒரு புள்ளையக்கூடக் கேக்கலீங்களே. கேட்டிருந்தா என்னென்ன சொல்லியிருக்குங்களோ."

அதற்கப்புறம் அவருக்கு இந்தப் புது வியாதி பிடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போகிற இடமெல்லாம் கேட்டார். சரி என்றவர்கள்தான் அதிகம், ஆனாலும் கேள்வியே பலருக்குப் பிடிக்கவில்லை. 'அந்தத் தரகர் பொண்ணைக் கேக்கறாராம்' என்று பேச்சுப் பரவி, கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கம்ப்யூட்டர் ஜாதகக் கடைகளுக்கு நல்ல கூட்டம். அது போதாதென்று, தான் முன்பு கட்டிவைத்த பெண்களின் வீடுகளுக்கு மொபெட்டில் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அம்மணி, அன்னைக்கு உங்களுக்குச் சம்மதமுங்களா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒருத்தர் விளக்குமாற்றை எடுத்தாராம். ஒருத்தர் விழுந்து விழுந்து சிரித்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவரையும் சிரிக்கவைத்தாராம். கிணத்துக்கடவுப் பக்கம் ஒருத்தர், "இப்பக் கேட்டு என்னங்க பண்றது, பருப்பு அடுப்புல இருக்குது" என்று உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லையாம். ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

ஒரு வழியாகக் கடைசி அத்தியாயம் வந்தது. இயந்திரத்தின் முன்னால் எல்லாரும் கூடியிருக்கிறார்கள். வெண்ணிலா, மெக்கானிக், லேத்துப் பட்டறை மாப்பிள்ளை, புதுப் பெண்டாட்டியோடு சர்வாதிகாரி. இயந்திரம் தன் இரும்புத் தொண்டையைச் செருமி, வெண்ணிலாவைக் கேட்கிறது: "அம்மணி, உங்களுக்குச் சம்மதமுங்களா?" எல்லார் பல்பும் எரிகிறது. வெண்ணிலா சொல்கிறாள்: "ரோசனை பண்ணிச் சொல்றேனுங்க." அவ்வளவுதான். முற்றும்.

"முடிவு எங்கீங்க?" என்று பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் யாரோ ஒரு பெண்ணின் ராசிக் கட்டம்தான் இருந்தது.

"வாசிக்கறவங்க கல்ல விட்டு எறிவாங்க தரகரய்யா. அவ என்னதான் சொல்றா?" என்றேன் நான்.

"எனக்கும் இன்னுந் தெரியலீங்க அம்மணி" என்றார். முகத்தில் விளையாட்டே இல்லை.

முடிவில்லாமலேயே அச்சாயிற்று. கடைகளில் ஒருவரும் வாங்கவில்லை. தரகரய்யா தன் அண்ணன் மகன் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலையோடு ஆளுக்கொரு 'இரும்பு மாங்கல்யம்' போட்டுக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். புத்தகக் கட்டுகளை எடுத்துப்போக ஆட்டோவில் அவரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். நல்ல உயரம், மூக்குக் கண்ணாடி, யாரையும் அளந்து பார்க்கிற சிரிப்பு. தரகரய்யா பின்கட்டில் பாயோடு கட்டுகளுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு என் அறைக்கு வந்து, காற்றாட உட்கார்ந்தார்.

"நீங்கதானா அந்த 'இல்லீங்க' சொன்ன அம்மணி?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, "ஊரெல்லாம் கேட்டாரே, உங்களையும் கேட்டாருங்களா?" என்றேன்.

"கேக்காம உடுவாருங்களா? எல்லா ஊட்டுக்கும் போயிப்போட்டுக் கடைசியா நம்மூட்டுக்கு வந்தாரு. நான் மொளகா காய வெச்சுட்டு இருக்கறேன். முன்னால வந்து கையக் கட்டிட்டு நின்னு, 'அன்னைக்கு உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டாரு. மூணு புள்ளை பெத்து, பேத்தியும் எடுத்தாச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரோசனை பண்ணிச் சொல்றேன்னு சொல்லிப்போட்டேனுங்க."

நான் வாயைப் பிளந்தேன். பின்கட்டில் கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"தை மாசத்துல கேட்டாரு. அன்னையிலிருந்து விடியால அவரே எந்திரிச்சுக் காப்பி போட்டு, எனக்குக் கொண்டாந்து குடுத்துப்போட்டு, மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறாரு. இன்னைக்குச் சொல்லுவாளா, நாளைக்குச் சொல்லுவாளான்னு."

"எப்பத்தானுங்க சொல்லப் போறீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"கண்ணாலத்தன்னைக்கு எனக்கு என்னமோ ஒண்ணு நெஞ்சுல இருந்துச்சுங்க அம்மணி. சரின்னு சொல்றாப்பலயா, வேண்டாம்னு சொல்றாப்பலயா, இப்ப நெனப்பில்ல. யாரும் கேக்கலீங்களா, அப்படியே மறந்துபோச்சு. நெனப்பு வந்தாச் சொல்லிப்போடுவேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுவரைக்கும் காப்பி குடிச்சுக்கறேன். நல்லாத்தான் போடறாரு."

எழுந்து வெளியே போனார். நானும் வழியனுப்பப் போனேன். வாசலில் அந்த அம்மாவின் செருப்பும் தரகரய்யாவின் செருப்பும் ஒட்டி ஒட்டி, நேராக, தெருவைப் பார்த்து நின்றன. எப்போது வந்து சேர்த்து வைத்தாரோ தெரியாது. அந்த அம்மா கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்தார். பிறகு தரகரய்யாவின் செருப்பைக் காலால் ஒரு சாண் தள்ளிவிட்டு, தன்னுடையதை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்கார்ந்தார்.